எஸ்தர் மேடம் செய்யாத சத்தியம்

நகரி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது திருப்பதியிலிருந்து என் பேத்தி தேவி போன் செய்தாள்.

"ஆயா, மேடம் போய்ட்டாங்க."

"எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அப்போதும் நான் உடனே நம்பவில்லை. "யாரு சொன்னது உனக்கு? நீ கண்ணால பாத்தியா?" என்றேன்.

"ஆஸ்பத்திரிலதான் நிக்கறேன் ஆயா. பாத்துக்கினுதான் பேசறேன்."

பொறுக்கிய காயைத் திரும்பக் கூடையிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கடைக்காரி எதற்கு என்று கேட்டாள். காதில் விழாத மாதிரி நடந்தேன்.

டாக்டர் எஸ்தர் அம்மாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் பல் டாக்டர். சித்தூர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர்கள். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், ஆராய்ச்சியும் செய்தார்கள். அவர்களுக்காக நினைவு மலர் போடுகிறார்கள், நீயும் எழுது என்று தேவி சொன்னபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் அத்தனை பேர் இருக்கையில், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என்னை எதற்குக் கேட்கிறார்கள்? "மேடம் உன்னப் பத்தி எங்ககிட்ட பேசாத நாளே இல்ல. அதுக்குத்தான்" என்றாள் தேவி. என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "சந்தேகப் பிசாசுன்னு சொல்லுவாங்க" என்றாள். சரி, எழுதுகிறேன் என்றேன்.

மேடம் முதல் தடவை எங்கள் ஊருக்கு வந்தபோது தேவிக்குப் பத்து வயது. எங்கள் ஊர் நகரியைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. எங்கள் பெரியவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறகு அரசாங்கம் மலையோரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்தது. அதை விற்கக் கூடாது. பயிர் வைக்காமல் போட்டுவிட்டு வெளியூர் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊரில் அப்படி எடுத்துக்கொண்டதை நாங்கள் பார்த்திருந்தோம். ஆனால் மழையில்லாத வருஷங்களில் போகாமல் என்ன செய்வது? என் மகனும் மருமகளும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தேவி பிறந்ததும் அங்கேதான். அந்த வருஷங்களில் எங்கள் நிலம் சும்மாதான் கிடந்தது. இன்னும் பல வீடுகளிலும் அதே கதை.

அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். எஸ்தர் மேடம் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க வந்தவர்கள். பாஸ்கர் என்ற இளைஞர், யார் யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று கேட்டு எழுத வந்தவர். மூன்றாமவர் வரதன், திருப்பதிக் கோயில் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. சாமிகளைப் பற்றிய படிப்பாம். எங்கள் அம்மனை யார், எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்டார்.

பல், பிழைக்கப் போனவர்கள், சாமி. மூன்றையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றால் என்ன நினைப்பீர்கள்? என் வீட்டுக்காரர் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். "பல்லு சும்மா சாக்கு. நிலத்துக்குத்தான் வந்து கீறாங்க. எவன் கேட்டாலும் ஒரே பேச்சு. நாம எங்கயும் போகல. எல்லாரும் இங்கதான் பொறந்தோம்" என்றார். ஊரே ஒத்துக்கொண்டது. பாஸ்கர் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் அதே பதில். ஒரு கிழவர் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போய், "நான் நகரிகூடப் பாத்ததில்ல சார்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது நகரி ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு காலில் இருந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்பும் கறையுமாகத்தான் முளைக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. பெண் கேட்டு வருகிறவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதுண்டு. போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மேடம் வந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தேவியின் முறை வந்தது. அவள் பல் மல்லிகை அரும்பு மாதிரி இருக்கும்.

"பாப்பா, நீ எங்க பொறந்த?"

தேவி என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். "இங்கதான் மேடம்" என்றாள்.

மேடம் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளிலும் சிலருக்கு வெள்ளைப் பல். அவர்களும் இங்கேதான் பிறந்தோம் என்றார்கள். எல்லாம் முடிந்ததும் மேடம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

எங்கள் போர் தண்ணீரையே கொடுத்தேன். குடிக்கிறார்களா, கீழே ஊற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சொம்பு காலியாகும்வரை குடித்தார்கள்.

"உங்க பேத்தி இந்தத் தண்ணி குடிச்சு வளரல அக்கா."

"யாரு சொன்னது?"

"பல்லு சொல்லுது. சின்ன வயசுல குடிச்ச தண்ணி பல்லுக்குள்ள ஏறிக்கும். அப்பறம் மறைக்க முடியாது."

"பல்லு சொல்றதையும் எழுதிக்கினு போவீங்களா? எந்த ஆபீசுக்குக் குடுக்க?"

மேடம் கோபப்படவில்லை. தரையிலேயே உட்கார்ந்தார்கள். "நீங்க பயப்படறது எனக்குப் புரியுது. ஆனா இதக் கேளுங்க. எல்லாரும் இங்கயே பொறந்து, இதே தண்ணி குடிச்சாங்கன்னு நீங்க சொல்றீங்க. அப்ப நான் இன்னான்னு எழுதணும்? இதே தண்ணி குடிச்ச பசங்கள்ல சிலருக்குப் பல்லு நல்லாத்தான் கீது, தண்ணிமேல தப்பில்லன்னு எழுதணும். அத எழுதிட்டா அப்பறம் நல்ல தண்ணி எவன் குடுப்பான்?"

உண்மையைச் சொன்னால் நிலம் போகும். பொய்யைச் சொன்னால் தண்ணீர் போகும். என் மருமகள் அப்போது இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள்.

"உங்க பல்லக் காட்டுங்க மொதல்ல" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒரு டாக்டரைப் போய் வாயைத் திற என்று யாராவது கேட்பார்களா? மேடம் சிரித்துவிட்டு டார்ச்சை என் கையில் கொடுத்து வாயைத் திறந்தார்கள். முன்பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. உள்ளே, பின்னாலிருந்த பற்கள் கருப்பட்டி நிறத்தில் இருந்தன.

"முன்பல்லு மெட்ராஸ் தண்ணி அக்கா. எங்க நைனா மூட்ட தூக்கப் போனாரு. நான் அங்கதான் பொறந்தேன். அப்பறம் ஊருக்கு வந்துட்டோம். பின்பல்லு வளந்தது சித்தூர் பக்கத்துத் தண்ணில. நாங்க போனதும் வந்ததும் என் வாயிலயே கீது."

பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு யாரும் வார்த்தை மாறமாட்டார்கள். எங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அப்படிச் சத்தியம் செய்யுங்கள், உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

ஊரே அம்மன் கோயிலுக்கு முன்னால் கூடிவிட்டது. வரதன் சார் ஓடிவந்து, போனை நீட்டிப் படம் எடுக்க நின்றார். மேடம் திரும்பி, "வரதா, போன உள்ள வை. இது உன் புஸ்தகத்துக்கு நடக்கல" என்றார்கள். நான் கற்பூரம் ஏற்றினேன். மேடம் கையை நீட்டவில்லை.

"என்னால முடியாது அக்கா. நான் சர்ச்சுக்குப் போறவ. எங்க வீட்ல எந்த சாமி பேர்லயும் சத்தியம் பண்றதில்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "பாத்தியா, மாட்டிக்கிச்சு" என்று ஒருத்தி சொன்னாள். நான் வரதன் சாரிடம் கேட்டேன். "சாமி படிப்புத்தானே நீங்க? வேற சாமி கும்புடறவங்க எங்க அம்மன்மேல சத்தியம் பண்ணா அது செல்லுமா, செல்லாதா?"

"அது வந்து பாட்டி, ஒவ்வொரு சம்பிரதாயத்துலயும் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்கா. தீர்மானமா சொல்லணும்னா இன்னும் நெறைய பாக்கணும்..."

"இவ்ளோ படிச்சும் இன்னும் பாக்கணுமா?" என்றேன். ஊரே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன் அக்கா. எங்கிட்ட அந்த வார்த்த ஒண்ணுதான் கீது. அது போதலன்னா ஜீப்ல ஏறிப் போயிடறேன்."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. அது எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நான் யோசித்தது இதைத்தான். ஏமாற்ற வந்தவளாக இருந்தால், தனக்குச் சம்பந்தமில்லாத அம்மனின் கற்பூரத்தை ஒரே அடியில் அணைத்துவிட்டு எங்கள் கதையை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவளுக்கு அதில் என்ன நஷ்டம்? இந்த அம்மா தன் சாமிக்குப் பயந்து, வந்த காரியமே கெட்டாலும் சரி என்று நிற்கிறார்கள். எங்கள் ஊரில் சத்தியம் செய்தவர்களில் வார்த்தை மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சத்தியம் செய்ய மறுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"போனோம்" என்றேன். "பெங்களூருக்குப் போனோம். இவ அங்கதான் பொறந்தா."

என் வீட்டுக்காரர் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். நகரி பார்க்காத கிழவர் பம்பாய்வரை போனவர் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பிறகு எந்த ஜீப் வந்தாலும் யார் இறங்குகிறார்கள் என்று வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பேன். மேடம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவார்கள். வந்தவுடன் நான் கேட்பது ஒன்றுதான். "எங்கள யாராவது கேட்டாங்களா மேடம்?" அவர்கள் சொல்வதும் ஒன்றுதான். "யாரும் கேக்கல அக்கா. நிம்மதியா துன்னுட்டுத் தூங்குங்க." தாமதமாகத்தான் என்றாலும், வேறு இடத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. எல்லா நாளும் வராது. ஆனாலும் என் பேரனின் பல் வெள்ளையாகத்தான் முளைத்தது. நிலத்தில் வேர்க்கடலை போட்டோம்.

தேவி படித்தாள். எங்கள் குடும்பத்தில் மட்டுமில்லை, எங்கள் ஊரிலேயே முதல் ஆராய்ச்சி மாணவி என் பேத்திதான். பிழைக்கப் போகிறவர்களைப் பற்றித்தான் படிக்கிறாள். அவள் சேர்ந்தபோது நானும் திருப்பதிக்குப் போனேன். மேடம் ஒவ்வோர் அறையாகக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். ஓர் அறையில் பாட்டில் பாட்டிலாகப் பல். அடுத்த கட்டடத்தில் சாமி புத்தகங்கள். மாடியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் போனார்கள் என்று சுவர் முழுக்கப் படம்.

"இத்தனையும் எதுக்கு மேடம்? ஒண்ணுக்கொண்ணு இன்னா சம்பந்தம்? எதையோ மறைக்கத்தான் இவ்ளோ பெரிய கட்டடம் கட்டிக்கினு கீறீங்க" என்றேன்.

மேடம் சொன்னது இது: "நான் பல்ல மட்டும்தான் பாக்க வந்தேன் அக்கா. நீங்க வாயத் தொறந்தீங்க. உள்ள ஊரு இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, சாமி இருந்துச்சு. நான் ஒருத்தி எத்தனையப் படிக்கறது? அதுக்குத்தான் இத்தன ரூமு."

சித்தூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்து பேசினார்கள். பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். வரதன் சார் நெற்றியில் நாமத்தோடு வந்து, ஜெபம் முடியும்வரை கைகட்டி நின்றார். எனக்கு அழுகையோடு இன்னொன்றும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. மேடம் போய்விட்டார்கள். இனி எங்கள் பெயர் யார் கையில்? பாஸ்கர் சாரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"யார் கையிலயும் இல்ல ஆயா. எந்த வீடுங்கன்னு மேடம் எங்கயும் எழுதல. அன்னிக்கே எனக்கும் எழுத வேணான்னு சொல்லிட்டாங்க."

"யாராவது கேட்டாங்களா?"

அவர் குழியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டாங்க ஆயா. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆபீசுல இருந்து கேட்டாங்க. நிலத்த விட்டுட்டுப் போன வீடுங்க எதுன்னு பேரு வேணும்னு. மேடம் தரல. திரும்பத் திரும்ப கேட்டாங்க. கூப்ட்டு மெரட்டுனாங்க. வர வேண்டிய பதவி வராமலே போச்சு. அப்பவும் தரல."

"எங்கிட்ட யாரும் கேக்கலன்னு சொன்னாங்களே."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கும் ஆர்டர். 'அந்த அக்காக்குத் தெரிஞ்சா அப்பறம் தூங்கவே தூங்காது'ன்னாங்க."

அத்தனை வருஷம் நான் சந்தேகப்பட்டது சரிதான். கேட்டிருக்கிறார்கள். நான் எந்த ஆபத்தை வெளியே தேடிக்கொண்டிருந்தேனோ, அது எங்கள் ஊருக்குள் வராமல் நடுவில் மேடம் நின்றிருக்கிறார்கள். சாமி பேரில் ஒரு வார்த்தை சொல்லப் பயந்த அந்த அம்மா, எனக்குத் தூக்கம் வரவேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோரும் மண் போட்டார்கள். என் முறை வந்தபோது நான் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "கேட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம் இல்லம்மா? நானும் வந்து பக்கத்துல நின்னுருப்பேனே" என்றேன். பிறகு மண்ணைப் போட்டேன். சித்தூர் பக்கத்துச் செம்மண். கையில் ஒட்டியது சீக்கிரம் போகவில்லை.

மேடம், இப்போது எங்கள் பெயரை நானே எழுதுகிறேன். நான் ராஜம்மா. நாங்கள் போனோம், திரும்பி வந்தோம். இனி யார் கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.