நூற்று முப்பத்தைந்து லென்ஸ்

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. காலையில் கடிதம் போட்டால் மாலையே தபால்காரரை வழிமறிக்கிற ஆள். அந்த முறை சிங்கப்பூரில் இருந்த மைத்துனருக்கு எழுதியிருந்தேன். கேமராவுக்கு ஒரு லென்ஸ் வேண்டும், உடனே வேண்டும்.

நான் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தில், எங்கள் கன்வேயர் பெல்ட் பகுதியில் கான்ட்ராக்டில் மண் அள்ளிய ஒரு தொழிலாளிக்காகத்தான் அந்த அவசரம். சுரங்கத்தை நீட்ட அவருடைய ஊரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இடிக்கறதுக்குள்ள ஒரு போட்டோ புடிச்சிக் குடுங்க சார். முழு வூடும் வரணும்" என்றார். கேமராவோடு வந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸுடன் போனேன். தெரு குறுகல். எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றும் வாசலும் பாதிக் கூரையும்தான் அடங்கின.

மைத்துனர் பதில் போட்டார். கேமரா கம்பெனியின் லென்ஸிலேயே இருபத்தெட்டு இருக்கிறது, நூற்று முப்பத்தைந்து இருக்கிறது, எது வேண்டும்? சுரங்க டவுன்ஷிப்வாசிக்கு இதில் என்ன யோசனை? குவார்ட்டர்ஸில் டைப் எண் ஏற ஏற அறைகள் கூடும். ஐம்பதில் பாதி வீடு வந்தால் நூற்று முப்பத்தைந்தில் தெருவே வருமே! பெரியதையே கேட்டு எழுதினேன்.

பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்தத் தொழிலாளி, "வந்துடுச்சுங்களா?" என்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசந்தது. எதிர்வீடுகளெல்லாம் காலியாகிவிட்டன என்றும், ஞாயிற்றுக்கிழமை தன் கூரையையும் பிரிக்கப் போவதாகவும் ஒருநாள் சொன்னார். இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

அந்த ஞாயிறு காலைதான் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பக்கத்து பிளாக்குக்காரர் பஸ் ஸ்டாண்டில் லென்ஸைக் கொடுத்தார். அங்கேயே மாட்டினேன். பழையதை வீட்டில் கொடுத்துவிடும்படி அவர் கையில் திணித்துவிட்டு சைக்கிளை மிதித்தேன். லென்ஸின் முன்வளையத்தில் இருந்த 1:2.8 எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடும் என்பது. சிவப்பு எழுத்து கண்ணாடியின் மேற்பூச்சைக் குறிப்பது. அதெல்லாம் எனக்கு அத்துபடி. நடுவிலிருந்த 135 என்ன செய்யும் என்று பார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

தொழிலாளி மனைவியோடு தன் வீட்டு வாசலில் நின்றார். கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவருடைய சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. வீட்டைக் காணோம். எண் ஏற ஏற லென்ஸுக்குள் அடங்குவது குறையும் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இதுல வராது அண்ணே. ரொம்பப் பின்னால போகணும்" என்றேன்.

"போங்களேன். இப்பதான் எல்லாம் வெட்டவெளியாக் கெடக்குதே."

திரும்பிப் பார்த்தேன். போன தடவை முதுகை ஒட்டிய சுவர் இல்லை. அதன் பின்னாலிருந்த வீடுகளும் இல்லை. பின்னால் நடந்தேன். கதவு வந்தது, சுவர் வந்தது, கூரையின் ஒரு நுனி மட்டும் வெட்டுப்பட்டது. இன்னும் நகர்ந்தேன்.

"பாத்து சார்!" அங்கிருந்து கத்தினார். "அது எங்க சித்தப்பா வூட்டு அடுப்படி. கால வச்சிடாதீங்க."

குனிந்தேன். மண் அடுப்பு, சாம்பல்கூட அள்ளாமல். அதை ஒட்டி நின்றுதான் அவர் வீட்டை முழுசாக எடுத்தேன்.