திருப்புளி மாமா பேனர் நிறுத்திய கதை

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் திருப்புளி என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் அவர் திருப்புளி வைத்திருப்பார். பிழைப்புக்கு, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். உயிர் மட்டும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. அன்று அவர் கடைக்கு மேலே உள்ள கூடத்தில், சொந்தமாக எதையாவது செய்கிறவர்கள் கூடுவார்கள். தானே நகரும் பொம்மை செய்யும் தையல்காரர், படக்கதை வரைந்து தானே அச்சிடும் நர்ஸ், இப்படி நாற்பது பேர். தேநீர் என் பொறுப்பு.

இந்த வருடம் கூடத்துக்காரர் ஓராண்டு வாடகையை முன்பணமாகக் கேட்டார். இல்லையென்றால் குடோனுக்கு விட்டுவிடுவாராம். மாமா ஒரு பெரிய கம்பெனியிடம் உதவி கேட்டு எழுதினார். பதினான்கு பக்கப் படிவம் வந்தது.

"இந்த நிகழ்ச்சியால எத்தனை பேர் வாழ்க்கை மாறும்னு கேட்டிருக்கான். என்னம்மா போடலாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுன்னு போடுங்க மாமா. நாப்பது டம்ளர் கழுவுறது நான்தானே."

அக்கா சிரித்தாள். மாமா நாற்பதாயிரம் என்று எழுதினார்.

கம்பெனி சம்மதித்தது. ஒரே நிபந்தனை: அவர்கள் பேனருக்கு முன்னால் எல்லோரும் நிற்கும் படம் வேண்டும். அதில் கம்பெனி பெயர் முழுதாகத் தெரியாவிட்டால் பணம் இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பேனர் வந்தது. அடியில் நீளப் பெட்டி. துணியை மேலே இழுத்துக் கம்பியில் மாட்டினால் ஆள் உயரத்துக்கு நிற்கும். விட்டால் சரேலென்று உள்ளே சுருண்டுவிடும். மாமா மூன்று தடவை இழுத்து விட்டார். நான்காவது தடவை அவர் கை சட்டைப்பைக்குப் போனதைப் பார்த்தேன்.

"உள்ள என்னதான் இருக்கு?"

"ஸ்பிரிங்கா இருக்கும்ண்ணே," என்றார் தையல்காரர்.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. கழட்டிப் பாத்துட்டு மாட்டிடலாம்."

பதினோரு மணிக்குக் கேமராவோடு வந்த கம்பெனி அதிகாரியை வரவேற்றவை பன்னிரண்டு பாதங்கள். தெறித்து ஓடிய ஸ்பிரிங்கைத் தேடி, ஆறு பேர் பீரோவுக்கு அடியில் தலையை விட்டுக் குப்புறக் கிடந்தார்கள்.

"எங்க பேனர் எங்க சார்?"

மாமா எழுந்து தூசி தட்டிக்கொண்டார். "எல்லாமே இங்கதான் இருக்கு சார். ஒண்ணா இல்ல, அவ்வளவுதான்."

"பேர் தெரியலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அதிகாரி.

துணி மட்டும் கிழியாமல் இருந்தது. யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். நாற்பது பேரும் அவரவர் செய்த பொருளை ஏந்திக்கொண்டு முன்வரிசைக்கு முட்டிக்கொண்டிருந்தார்கள். கேமரா என்றாலே எனக்குக் கைகால் ஓடாது. துணிக்குப் பின்னால் என்றால் பயமில்லை. நாற்காலிமேல் ஏறி, மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். படத்தில் என் விரல்கள் மட்டும் இருக்கின்றன. பெயர் முழுதாகத் தெரிந்தது. பணம் வந்தது.

அடுத்த மாதம் கம்பெனி புதுப் பேனர் அனுப்பியது. இரும்புச் சட்டம், நாலு மூலையும் வெல்டிங். மாமா திருப்புளியும் கையுமாக இரண்டு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். ஒரு ஸ்க்ரூகூட இல்லை. திருப்புளியைத் திரும்பப் பையில் வைத்தார். அன்றுதான் கூட்டம் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது.