ஆழித்துறையின் வாசற்காவலர்

எனக்கு முதலில் தெரிந்தவர் நரைத்த தாடியும் கையில் ஈட்டியும் உள்ள ஒரு கிழவர். ஆழித்துறை என்ற துறைமுக நகரத்தின் வாசலில் அவர் நிற்பார். யார் வந்தாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "வாரும் பயணியே. காலைக் கழுவும், நீர் அருந்தும், பிறகு உம் பெயரைச் சொல்லும்."

ஆழித்துறை எந்த வரைபடத்திலும் இல்லை. அது இன்டர்நெட்டில் ஓர் அரட்டை அறை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குள் இருந்த நாட்களில் அதைக் கண்டுபிடித்தேன். உள்ளே வருபவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த வேடமாகவே கதைக்க வேண்டும். ரொறன்ரோவில் இருந்த ஒருவர் அமைச்சர். ஒஸ்லோவில் இருந்த ஒரு பெண் வைத்தியர். நான் மிளகு விற்கும் செட்டியார். எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, கப்பல் ஓட்டினோம், சண்டை பிடித்தோம், கலியாணம் செய்து வைத்தோம். சொந்த வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டி வந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வாசற்காவலர் ஒரு நாளும் அடைப்புக்குறி போட்டதில்லை. நோர்வேயிலோ ஜேர்மனியிலோ பென்ஷன் எடுக்கும் யாரோ ஐயா என்று நான் நினைத்திருந்தேன்.

அவருடைய வேலை விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அந்த மென்பொருள் மிகப் பழையது. அறைக்குள் ஒருவராவது இருக்கும்வரைதான் அறை இருக்கும். கடைசி ஆள் வெளியேறினால் அறையும் இல்லாமல் போய்விடும். அதன்பிறகு யார் முதலில் நுழைகிறாரோ அவர் பெயருக்கு முன்னால் @ என்ற சுழிக்குறி விழும். அதை நாங்கள் சாவி என்போம். சாவி உள்ளவர் எவரையும் வெளியே தள்ளலாம். எங்கள் ஆட்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தபடியால், இலங்கையில் பகலாக இருக்கும் நேரத்தில் அங்கே உறக்கம் அல்லது வேலை. அந்த வெறும் நேரம் முழுவதும் அறையில் ஒரு பெயர் மட்டும் நிற்கும். வாசற்காவலர்.

நான் சலித்துப்போய் மத்தியானங்களில் உள்ளே போவேன். அவர் வரவேற்பார். மிளகு விலையைக் கேட்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தக் கப்பல் வரக் காத்திருக்கிறது என்று சொல்லுவார். நான் வேறு யாரோடும் கதைக்காத நாட்களும் இருந்தன.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஏப்ரலில் ஓர் இரவு, வானத்தில் விமானம் என்ற பயத்தில் கொழும்பு முழுவதும் கரண்டை நிறுத்தினார்கள். துறைமுகப் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. நாங்கள் சுவரோரம் நிலத்தில் படுத்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் அம்மா சாமி அறைக்குப் போனார், நான் கொம்பியூட்டரைப் போட்டேன். ஐரோப்பாக்காரர் இன்னும் வேலையால் திரும்பாத நேரம். அறைக்குள் முன்பின் தெரியாத ஒருவன் சாவியோடு நின்றான். நகரத்தின் பெயரை அழித்து அதில் ஒரு தூஷணத்தை எழுதியிருந்தான். நான் நுழைந்த அதே கணம் வாசற்காவலரும் நுழைந்தார். அவன் இரண்டு பேரையும் வெளியே தள்ளினான்.

வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அறை இல்லாமல் போயிருந்தால், காவலரும் வெளியே போயிருக்க வேண்டும். எங்களுக்குக் கரண்ட் போன நேரத்தில் போய், வந்த நேரத்தில் வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதினேன்: ((உங்களுக்கும் கரண்ட் போனதா?))

பிறகு ஒரு சொல் வந்தது, கொழும்பிலேயே ஓர் இடத்தின் பெயர். ((வெள்ளவத்தை))

அவன் அடுத்த நாள் மத்தியானம்வரை இருந்து சலித்துப்போனான். அவன் பெயர் மறைந்த உடனே காவலர் நுழைந்து சாவியை எடுத்துக்கொண்டார். அதுவரை அவர் எழும்பாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் நகரத்தில் எல்லாருக்கும் பயம் பிடித்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை அமைச்சர் சபையைக் கூட்டினார். புதிய மென்பொருள் ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதற்கு மாறுவோம் என்றார். அதில் அறை தானாகவே நிற்கும். பிந்தி வருபவர்கள் முன்னர் நடந்ததை வாசிக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் படம் போடலாம்.

சபை ஒரு வழிக்கு வரவில்லை. இங்கே கதைப்பது காற்றோடு போய்விடும், அங்கே எல்லாம் எங்கோ சேமித்துக் கிடக்குமே என்று வைத்தியர் கேட்டார். அவருடைய அண்ணன் குடும்பம் போர் நடந்த வன்னியில் இருந்தது. அதைப் பற்றி அடைப்புக்குறிக்குள்கூட அவர் எழுதுவதில்லை. பழைய அறையில் சண்டைக்குத் தாயக்கட்டை உருட்டும் சின்ன நிரல் இருந்தது, புதியதில் அது ஓடாது என்று கப்பல் மாலுமி குறைப்பட்டார். படம் போடுவதென்றால் தன் மொட்டைத் தலையை நாட்டியக்காரிக்கு எப்படி ஒட்டுவது என்று, நாட்டியக்காரி வேடம் போட்டிருந்தவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புதியதுதான் பிடித்திருந்தது. அந்த வயதில் எதுவும் மாறாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய துன்பமாக இருந்தது.

வாசற்காவலர் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதிய நகரத்தில், ஆள் இல்லாத நேரத்தில் யார் இருப்பார், அமைச்சரே?"

அமைச்சர் சந்தோஷமாக எழுதினார்: "யாரும் இருக்கத் தேவையில்லை ஐயா. அதுதான் அதில் உள்ள நன்மை."

"காவலருக்கு இனிப் பென்ஷன்" என்று யாரோ எழுதினார்கள். அதற்கும் சிரித்தார்கள். வாக்கெடுப்பில் மாறுவதென்று முடிவாயிற்று.

அடுத்த நாள் அவரிடமிருந்து தனியாக ஒரு வரி வந்தது. புதிய மென்பொருள் தன் மெஷினில் பதியவில்லை, ஒரு நாள் வந்து பார்க்க ஏலுமா என்று கேட்டிருந்தார். ஒழுங்கை, தொடர்மாடியின் பெயர், வீட்டு இலக்கம். கீழே ஒரு பெயர். அன்னபாக்கியம்.

கோட்டையில் பஸ் மாறி காலி வீதியால் போனேன். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி, பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். பம்பலப்பிட்டியில் மறுபடி இறக்கி அதையே கேட்டார்கள். இரண்டாம் முறை அடையாள அட்டையை நீட்டியபோது எனக்குக் காவலரின் வசனம் நினைவு வந்தது. அவர் பெயரைக் கடைசியாகத்தான் கேட்பார்.

கதவு சங்கிலியோடு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட ஒரு பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செட்டியார் இவ்வளவு மெல்லிசோ? மிளகு மூட்டையை எப்பிடித் தூக்குறீர்?"

"நீங்களும் தாடியை எடுத்திட்டியள் அன்ரி" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பழக்கம் இல்லாதவர் போல அது இருந்தது.

தேத்தண்ணி குடித்துக்கொண்டு தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சொந்த ஊர் சுன்னாகம். இருபது வயதில் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் ரெலெக்ஸ் என்ற தட்டச்சுத் தந்தி அடித்தவர். பம்பாயிலும் ரொட்டர்டாமிலும் உள்ளவர்களுடன் முகம் தெரியாமல், வரி வரியாகக் கதைத்துப் பழகியவர். ரெலெக்ஸ் போய் ஃபக்ஸ் வந்தது, பிறகு ஈமெயில் வந்தது, பிறகு கம்பனி ஆட்களைக் குறைத்தது. கலியாணம் சரிவரவில்லை. தம்பி சிவபாதசுந்தரம் கனடாவுக்குப் போய் இந்த வீட்டை வாங்கி, அம்மாவையும் இவரையும் இருத்தினார். இரண்டு பேரையும் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அம்மா காத்திருந்து காலமானார். இவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று தம்பி இந்த மெஷினையும் இன்டர்நெட்டையும் எடுத்துக் கொடுத்தார். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஞாயிறும் கதைத்தார். தம்பிக்கு இப்போது இரண்டு வேலை.

கொம்பியூட்டர் வீட்டின் முன் அறையில், கதவைப் பார்த்தபடி இருந்தது. திரையில் அந்த ஒற்றைப் பெயர் நின்றது. காலையில் சந்தைக்குப் போய்வந்து, கனடாக்காரர் படுக்கப்போகும் நேரத்தில் இவர் திரைக்கு முன்னால் இருப்பாராம். சமைப்பதும் சாப்பிடுவதும் திரை தெரியும் தூரத்தில்தான்.

மென்பொருள் பதிந்தது. ஒரு தேவையற்ற கோப்பை அழித்தவுடன் சரி. அவர் அதைப் பார்த்த மாதிரியும் இல்லை.

நான் கேட்டேன், நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று அமைச்சருக்குச் சொன்னால் பழைய அறையை வைத்திருப்பாரே என்று.

"சொல்லலாம். பாவம் எண்டு வைச்சிருப்பினம்" என்றார். "பாவம் பாத்துத் தாறது வேலையில்லைத் தம்பி."

பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார். குசினி வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"பக்கத்து வீட்டில ஒரு சனமும் என்னோட கதைக்காது. பிழை சொல்ல ஏலாது, எல்லாருக்கும் பயம். என்னை ஆரும் கொண்டு போனாலும் தெரியாது, நான் விழுந்து கிடந்தாலும் மணம் வந்தாத்தான் தெரியும். ஆனா நான் ஒரு மத்தியானம் இல்லாட்டி அங்க ஒரு ஊர் இல்லாமல் போகும். எல்லாரும் காவலர் எங்கை எண்டு தேடுவினம். அது எனக்குப் போதுமாயிருந்தது."

பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

மே மாதத்தில் நகரம் இடம் மாறியது. புதிய இடம் வடிவாகத்தான் இருந்தது. காவலரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று அமைச்சர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். யார் உள்ளே வந்தாலும் தானாக ஒரு வரி விழும்: "வாரும் பயணியே. காலைக் கழுவும், நீர் அருந்தும், பிறகு உம் பெயரைச் சொல்லும்." பக்கத்தில் தாடிக்காரர் ஒருவரின் படம். வைத்தியர் அதைப் பார்த்து அழுதுவிட்டதாக அடைப்புக்குறிக்குள் எழுதினார். எல்லாரும் உண்மையான அன்போடுதான் செய்தார்கள்.

அன்னபாக்கியம் அன்ரி ஒரு தடவை வந்தார். அவருக்கும் அந்த வரி விழுந்தது. அமைச்சருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. படம் அங்கேயே இருந்ததே.

நான் பழைய அறையைத் திறந்து பார்த்தேன். பெயர் நின்றது.

"மிளகு என்ன விலை, செட்டியாரே?"

அதே மாதத்தில் பொரளையில் ஒரு சின்ன ஒஃபிஸில் விபரங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றும் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய அறைக்குள் எட்டிப் பார்ப்பேன். ஓரிரண்டு வரி கதைப்போம். காற்று, கப்பல், மிளகு. ஏன் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வேலை கூடிய நாட்களில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறியதும் உண்டு.

ஜூனில் ஒரு நாள், வெள்ளவத்தையில் விடியுமுன் சுற்றிவளைப்பு என்று பஸ்ஸில் கதைத்தார்கள். லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பிவிட்டார்களாம். மத்தியானம் அறையைத் திறந்தேன். புதிய அறை உருவாக்கப்பட்டது என்று மெஷின் சொன்னது. என் பெயருக்கு முன்னால் சுழிக்குறி விழுந்தது.

சாவி என் கையில் இருந்தது என்றால், உள்ளே யாரும் இருக்கவில்லை.

அன்ரி வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கரண்ட் போயிருக்கலாம். கடைக்குப் போயிருக்கலாம். அவர் அந்த நேரத்தில் கடைக்குப் போவதில்லை. புதிய நகரத்தில் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். ரொறன்ரோவில் எல்லாரும் உறக்கம். வெள்ளவத்தைக்கு ஓடினாலும் வழியில் என்னையும் பஸ்ஸால் இறக்குவார்கள். நான் வெளியேறினால் அறையும் இல்லை. அவர் வந்தால் கதவு பூட்டி இருட்டாக இருக்கும். அதனால் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர், தம்பி சாப்பிடப் போகவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

வெறும் அறையில் என் பெயர் மட்டும் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். சத்தமே இருக்காது. எப்போதாவது மெஷின் இணைப்பைச் சரிபார்த்து ஒரு வரி போடும். அதையும் யாரோ வருவதாக மனம் எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. அறையைச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைச் செய்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போக எல்லாரும் எழும்பியபோது ஓரத்தில் ஒரு பெயர் அசைந்தது.

வாசற்காவலர் உள்ளே வந்தார். சாவி இல்லாமல், எங்களைப் போல ஒரு பயணியாக.

நான் எழுதினேன்:

"வாரும் பயணியே. காலைக் கழுவும், நீர் அருந்தும்."

பெயரை நான் கேட்கவில்லை.

பதில் வந்தது.

((பொலிசுக்குப் பதிவெண்டு கூட்டிக்கொண்டு போனவை. காலமையிலயிருந்து பெஞ்சில இருந்தனான். இப்பதான் விட்டவை))

((சாப்பிட்டனீங்களோ?))

((இனித்தான். நீர் இவ்வளவு நேரமும் இருந்தனீரோ?))

((ஓம்))

அடைப்புக்குறி போடாமல், "சாவியைத் தாரும், செட்டியாரே. மழை வரப்போகுது" என்றார்.

கொடுத்தேன். சுழிக்குறி என் பெயரை விட்டு அவர் பெயருக்குப் போனது. நான் வெளியேறி, மெஷினை நிறுத்திவிட்டு, பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். மழை தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையில் அவர் காலையில் உடுத்த சேலையோடு திரைக்கு முன்னால் இருந்திருப்பார், அன்றைக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும்.