அந்துருண்டை வாசனையும் கடைசிக் குட்டியும்

எங்கள் வீட்டுப் பின்னறையில் பூனை குட்டி போட்டது ஐப்பசியின் கடைசி வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று மின்சாரம் இல்லை. பால் பாக்கெட் தாமதமாக வந்தது. மழைக்கு முந்தைய ஈரக்காற்று வெள்ளானூர்ப் பக்கம் முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. இப்படி நாளையும் பொழுதையும் பிடித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். தேதி போடாத காகிதத்தை அங்கே யாரும் கையில் வாங்கமாட்டார்கள்.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கட்டி வந்த பிறகு, பின்னறை எங்கள் இருவருக்கும் பொதுவான பட்டறை ஆயிற்று. நான் பழைய வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, வாரம் பிசகாமல் அடுக்கி, தைத்து, மைதாப் பசை போட்டுப் புத்தகமாகக் கட்டுவேன். நாலு வாரம் விட்டுப்போன கதை என்றால் அந்த நாலு இதழ்களுக்காகப் பூந்தமல்லி, அம்பத்தூர் என்று பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்குவேன். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து குரோஷா பின்னுவாள். கோயில் பீடத்துக்கு விரிப்பு, யார் வீட்டிலாவது ஞானஸ்நானம் என்றால் குழந்தைக்கு ஒரு கம்பளிப் போர்வை. பின்னி முடித்ததைப் பீரோவில் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைப்பாள். ஒரு பூச்சிகூட அதன் பக்கம் போனதில்லை.

எங்கள் பூனை என்று அதைச் சொல்ல முடியாது. தெருவுக்கே பொதுவான சாம்பல் பூனை. காலையில் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வீட்டில் மீன் கழிவு, மத்தியானம் எங்கள் வீட்டில் தூக்கம். பேர் யாரும் வைக்கவில்லை. பிரசவத்துக்கு அது தேர்ந்தெடுத்தது, கட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த இதழ்ப் பக்கங்கள் நிறைந்த அட்டைப்பெட்டியை. நான் பார்க்கும்போது இரண்டு பிறந்துவிட்டன. மூன்றாவதும் நான்காவதும் என் கண் முன்னால் பிறந்தன.

எவ்வளவோ படித்திருக்கிறேன். பிறப்பைப் பற்றி மட்டுமே ஓர் அலமாரி தேறும். ஆனால் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் பிறந்தபோதும் கதவுக்கு வெளியில்தான் நின்றேன். ஈரமான ஒரு சிறு பொட்டலம் வந்து விழுந்தது. தாய் அதன் உறையைக் கிழித்தது, முகத்தை நக்கியது. பொட்டலம் வாயைத் திறந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மனைவி என் பழைய லுங்கி ஒன்றைக் கொண்டுவந்து மெதுவாக அவற்றின் அடியில் செருகினாள்.

சேதி கேட்டு ஆட்டோக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, ரிட்டேராயி ஆஸ்பத்திரி தொறந்துட்டியா?”

“சத்தம் போடாதீங்க, அது பயந்துரும்” என்றாள் மனைவி.

“பயமா? அதுவா? யம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீங்க ரெண்டு பேரும் இப்டி மூஞ்சிய நீட்டிக்கினே இருந்தா, அது குட்டிய தூக்கிகினு வேற ஊடு பாத்துக்கும்.”

நாங்கள் மூஞ்சியை நீட்டிக்கொண்டேதான் இருந்தோம். குட்டிகளுக்குக் கண் திறக்கத் தொடங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பார்த்தால் பெட்டியில் ஒரே ஒரு குட்டி. நாலில் சிறியது, கடைசியாகப் பிறந்தது. எங்கள் மதிலுக்கு அடுத்துப் பாதியில் நிற்கும் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் மற்ற மூன்றையும் பூனை கொண்டுபோய் வைத்திருப்பதை ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“கடைசிய எடுக்க வரும், இரு” என்றார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாத மழை. குட்டி கத்தியது. அந்தச் சின்ன உடம்பு அவ்வளவு சத்தத்தை எங்கே வைத்திருந்ததோ. மத்தியானம் ஆகியும் தாய் வரவில்லை. தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. மனைவி பீரோவைத் திறந்து, பின்னி வைத்திருந்த கம்பளிப் போர்வையை எடுத்துக் குட்டியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சூடு ஏறியதும் சத்தம் கொஞ்சம் தணிந்தது. பஞ்சில் பாலை நனைத்து வாயில் வைத்தோம். துப்பிவிட்டது. ஆட்டோக்காரர் குடையோடு வந்து அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மாட்டுப்பாலா? வவுத்தால பூட்டு செத்துடும் நைனா. தாய்ப்பாலு இல்லாங்காட்டி பொழுது விடியறது கஷ்டம்.”

மழை சற்று விட்ட நேரத்தில் பூனை வந்தது. ஜன்னலில் குதித்து நேராகப் பெட்டிக்குப் போனது. மனைவி அவசரமாகக் குட்டியைப் போர்வையிலிருந்து எடுத்து அதன் முன்னால் வைத்தாள். பூனை மூக்கை நீட்டியது. காதுகள் பின்னால் மடிந்தன. இரண்டடி பின்வாங்கி, மறுபடி மோந்து, சீறியது. பிறகு வந்த வழியே ஜன்னலேறிப் போய்விட்டது. குட்டி அது போன திசை பார்த்துக் கத்தியது.

“நாம தொட்டதுக்கா இந்தக் கோவம்?” என்றாள் மனைவி. “நேத்துவரைக்கும் தினமும்தான தொட்டோம்!”

அவள் குட்டியை எடுத்துக் கழுத்தோடு அணைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு குட்டியின் முதுகில் மூக்கை வைத்து இழுத்தாள்.

“ஏங்க, இங்க வாங்க. மோந்து பாருங்க.”

பார்த்தேன். பீரோ வாசனை. குட்டி முழுக்க அந்துருண்டை அடித்தது. பூச்சியே அண்டாத வாசனையைப் போர்த்தித்தான் அதன் தாயிடம் நீட்டியிருக்கிறோம்.

குளிப்பாட்டினால் குளிரில் போய்விடும். மனைவி யோசிக்கவே இல்லை. பெட்டியிலிருந்து லுங்கியை உருவினாள். குட்டிகளின் மூத்திரமும் தாயின் பாலும் முடியுமாக அது நாறிக்கிடந்தது. அதில் குட்டியைப் போட்டு, தலையிலிருந்து வால்வரை மாவு பிசைவதுபோலப் புரட்டித் தேய்த்தாள். தன் கைகளையும் அதிலேயே துடைத்தாள். பிறகு குட்டியை லுங்கியோடு பெட்டியில் வைத்து, என்னை இழுத்துக்கொண்டு அறைக்கு வெளியே வந்து, கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்தாள்.

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. குட்டியின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. இடையில் நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது. மனைவியின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஒரு பூனைக்குட்டிக்காக மாதாவைத் தொந்தரவு செய்யலாமா என்று வேறொரு நாளென்றால் கேட்டிருப்பேன்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் ஜன்னல் விளிம்பில் சாம்பல் நிறத் தலை தெரிந்தது.

இந்த முறை அது குதிக்கவில்லை, இறங்கியது. பெட்டியைச் சுற்றி வந்தது. லுங்கியை மோந்தது. குட்டியை மோந்தது. காதுகள் பின்னால் போயின. மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். காதுகள் மெல்ல முன்னுக்கு வந்தன. பூனை குட்டியை ஒரு காலால் அமுக்கிப் பிடித்து நக்கத் தொடங்கியது. மூக்கில் தொடங்கி வால்வரை, முடிக்கு எதிராகவும் முடியோடும், வயிறு, காது, கால் இடுக்கு என்று ஓர் இடம் விடாமல். இருபத்தொன்பது வருடம் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். அப்படி ஒரு பரிசோதனையைப் பார்த்ததில்லை. இடையிடையே முகத்தைச் சுளித்தது, தலையை உதறியது, மறுபடி நக்கியது. எங்கள் வாசனையைத் தன் நாக்காலேயே எடுத்துவிட்டுத் தன் பிள்ளையை அதற்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

பிறகு கழுத்தைக் கவ்வித் தூக்கியது. நாள் முழுக்கக் கத்திய குட்டி அந்த நொடியில் அடங்கி, கால்களைச் சுருட்டிக்கொண்டு தொங்கியது.

நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். மழை மறுபடி வலுத்திருந்தது. மதில்மேல் திருடனுக்குப் பயந்து நான் பதிக்கச் சொன்ன கண்ணாடிச் சில்லுகள் ஈரத்தில் மின்னின. பூனை அந்தச் சில்லுகளுக்கு இடையில், ஒவ்வொரு காலாக, கீழே பார்க்காமல் வைத்து நடந்தது. பார்க்கவும் முடியாது, வாயில் பிள்ளை. குட்டியின் வால் சில்லுகளுக்குச் சற்று மேலாக ஆடிக்கொண்டே போனது. ஒரு சில்லிலும் அது படவில்லை. மதில் முடியும் இடத்தில் நின்று, உடம்பை ஒடுக்கி, அந்தப் பக்கம் மறைந்தது.

சற்றுப் பொறுத்து, பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆட்டோக்காரரின் குரல், வழக்கத்துக்கு மாறாகத் தணிந்து, மழைக்குள்ளாக வந்தது.

“நைனா... யம்மா... வந்துட்ச்சு. வாயி வச்சிடுச்சு. நாலும் குட்ச்சிகினு கீது.”

மனைவி அழுதாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, யாரும் இல்லாத அந்த ஈர மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.