மாவுக்கடை தையல்நாயகியும் விழுப்புரத்து டீயும்

முழங்கை வரை உளுந்து மாவு. அந்தக் கையோடு கிரைண்டரை நிறுத்துகிறாள் தையல்நாயகி. புறங்கையால் வியர்வையைத் துடைக்கப் போய் நெற்றியிலும் கொஞ்சம் மாவை ஏற்றிக்கொள்கிறாள். ஆணியில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கும் செல்போனை இடது சுண்டுவிரலால் தட்டுகிறாள். அந்த ஒரு விரலில் மட்டும் மாவு படவிடுவதில்லை. அதை இந்த வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறாள். திரையில் ஒரு கியூஆர் கோடு படம். கூடவே கணவன் சின்னதுரையின் குரல்: "தையலு, டீ ஒண்ணு. பன்னெண்டு ரூபா. ஜல்தி அனுப்பு, ஆறிக்கினு இருக்குது."

அவளுடைய மாவுக்கடை இருப்பது திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில். சின்னதுரை டைல்ஸ் ஒட்டுவது விழுப்புரத்தில். நடுவே நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே அவன் குடிக்கிற ஒவ்வொரு டீக்கும் இங்கிருந்துதான் காசு போயாக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் டீக்கடைக் கல்லாவில் இருக்கிற பேசும் பெட்டி "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே சொல்லும். "துரை, வீட்ல ஓகே சொல்லிட்டாங்க, எடுத்துக்க" என்பார்கள் பெஞ்சில் இருப்பவர்கள். அதற்குப் பிறகுதான் அவன் கிளாஸைத் தொடுவான்.

சின்னதுரைக்கு குடி இல்லை, பீடி இல்லை, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. சீட்டு ஒன்றுதான். முதலில் ஆட்களோடு, பிறகு செல்போனில் ரம்மி, பிறகு இரண்டும். அவளுடைய முதல் கிரைண்டரை "மோட்டாருக்கு காயில் கட்டக் குடுக்கணும்" என்று தூக்கிப் போனான். பாவம், மூன்று வாரம் அந்தக் காயிலுக்காகக் காத்திருந்தாள். வண்டி எட்டு நாள் பஞ்சர் கடையில் இருந்தது. ஒரு பஞ்சருக்கு எட்டு நாள் ஆகாது என்று ஒன்பதாவது நாள்தான் அவளுக்கு உறைத்தது.

குடியை விடக் கயிறு கட்டுகிற கோயிலுக்கு அவனை இழுத்துப் போனாள். "குடிக்காத ஆளுக்கு எப்பிடிம்மா கட்டறது?" என்று பூசாரி முழித்தார். "சீட்டுக்குன்னு தனிக் கயிறு வர்ற வரைக்கும் இதையே கட்டி வுடுங்க சாமி" என்றாள். கட்டிவிட்டார். கைமேல் பலன்: மச்சான் கல்யாணத்தில் எல்லோரும் குடித்தபோது சின்னதுரை மட்டும் சோடாவோடு உட்கார்ந்து நன்றாக ரம்மி ஆடினான்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கூலியை மேஸ்திரி நேராக அவள் கணக்கில் போட்டுவிடுவார். அவன் பையில் பஸ் பாஸைத் தவிர ஒன்றும் இருக்காது. வேண்டியதற்கெல்லாம் படம் அனுப்ப வேண்டும். "நானா பாத்து கட்டிக்கினேன், நான்தான் மேய்க்கணும்" என்பாள் மாவு வாங்க வருகிறவர்களிடம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "இன்னொரு வாட்டி நீ சீட்டுக்கு உக்காந்தேன்னு தெரிஞ்சிது, கண்டமங்கலத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். போனா போனதுதான்." சொன்னால் செய்துவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் இந்த ஒன்பது மாதமாக அந்த வார்த்தையைப் பார்த்து அவனைவிட அவள்தான் அதிகம் பயப்படுகிறாள். அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

காசு அனுப்புவதில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. படத்தை ஏற்றினால் திரையில் யார் கணக்கு என்று பெயர் வரும். டீக்கடை அஞ்சம்மாள். மெஸ் ரோஜா. முடிவெட்டுகிற கடைகூட அஸ்வினி. கல்லாவில் உட்கார்ந்திருப்பதெல்லாம் மீசைக்காரர்கள். காசு போவது வீட்டுக்காரிகள் கணக்குக்கு. "எல்லா வூட்லயும் ஒரு துரை இருக்கான் போலக்குது" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. ஒரு நாள் சின்னதுரை டீயும் பஜ்ஜியும் அறுபது ரூபாய் என்று படம் அனுப்பினான். பத்து நிமிஷத்தில், காசு வந்த நம்பரைப் பார்த்து, பஜ்ஜி போடுகிற அஞ்சம்மாளே போன் செய்தாள். "யக்கா, உங்க வூட்டுக்காரரு பஜ்ஜி தின்னல. டீ போவ மீதியக் காசா குடுன்றாரு. குடுக்கட்டா?" "நாலு பஜ்ஜியக் கட்டி கையில குடு. மேஸ்திரி எதிர்ல நின்னு திங்கச் சொல்லு" என்றாள் இவள். அன்றிலிருந்து இருவரும் பார்த்துக்கொள்ளாத சிநேகிதிகள்.

போன வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு படம் வந்தது. முந்நூறு ரூபாய். எதற்கு என்று குரல் இல்லை. ஏற்றிப் பார்த்தாள். கிருஷ்ணசாமி.

முதல்முறையாக ஒரு ஆம்பளைப் பெயர். அஞ்சம்மாளைக் கூப்பிட்டாள். "கிருஷ்ணசாமியா? பஸ் ஸ்டாண்டு பின்னால, செருப்புக்கடை மாடியில சீட்டு கிளப்பு வச்சிக்கினு இருக்கறவருதான்க்கா" என்றாள் அஞ்சம்மாள், குரலைத் தாழ்த்தி.

தையல்நாயகி காசு அனுப்பவில்லை. அரைத்தது பாதி, அரைபடாதது பாதியாகக் கிரைண்டரை அப்படியே விட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் பேச வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். வாய்க்குள் என்றுதான் அவள் நினைத்தாள். "அப்பிடியே கேளும்மா, வுடாத" என்று பக்கத்தில் நின்ற அம்மாள் தோளைத் தட்டினாள். "ஆனா பொறந்த வூட்டுக்கு மட்டும் போவாத, அங்க அண்ணி இருப்பா." விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுபோனதும் கண்டக்டரும் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். விழுப்புரத்தில் இறங்கியபோது கேள்விகள் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. முழங்கையில் மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

செருப்புக்கடைக்குப் பக்கத்தில் ஒடுக்கமான மாடிப்படி. நாலாவது படியில் சின்னதுரை உட்கார்ந்திருந்தான். மேலே சீட்டு கலைக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஆடிட்டு வந்துட்டியா?"

"இல்ல. மேல போவல. ஒரு ஆளு கொறையுதுன்னு கூப்டாங்க. காலு தானா வந்துடிச்சி."

"காசு வர்லன்னு குந்திக்கினு இருக்கியா?"

"காசில்லன்னாலும் கிருஷ்ணசாமி கடனுக்கு உக்கார வப்பாரு, தையலு." அவன் தலையைத் தூக்கவில்லை. "படத்த அனுப்புனா யாரு பேருன்னு நீ பாப்ப. பாத்தா வந்துடுவ. அதுக்கோசரம்தான் அனுப்புனேன். ஒண்ணேகால் மணி நேரமா இந்தப் படியப் புடிச்சிக்கினு இருக்கேன். பஸ்ஸு லேட்டா?"

"டோல்கேட்ல நின்னுட்டான்" என்றாள். பன்னிரண்டு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அழுகைதான் வந்தது, கோபமும் கூடவே வந்தது; எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு அவனுக்கு ஒரு படி கீழே, பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் வலித்தது.

"துரை! வர்றியா, வேற ஆளப் பாக்கட்டா?" என்று மேலிருந்து ஒரு குரல். அவன் உடம்பு லேசாக எழும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய லுங்கி நுனியை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் அவசரமாகப் படியேறி வந்தார். "கொஞ்சம் வழி வுடும்மா, மேல ஆளு கொறையுதாம், போவணும்."

தையல்நாயகி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, காலை நீட்டி, குதிகாலை எதிர்ச்சுவரில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.