படத்தின் பாத்தியதை

நாடகக் கம்பெனியில் ஸ்திரீ பார்ட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் என்னை ஒரே ஒரு தடவைதான் போட்டோ எடுத்தார்கள். கம்பெனி அப்போது மதுரையில் கொட்டகை போட்டிருந்தது. ஒரு நாள் காலையில் முதலாளி என்னைப் பெண் வேஷத்தோடேயே குதிரை வண்டியில் ஏற்றி, மேலமாசி வீதியில் இருந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட அறை. பின்னால் குளமும் அன்னமும் வரைந்த திரை. சவுரி வைத்துப் பின்னி, பட்டுச்சேலை கட்டி, கம்பெனியின் கில்ட்டு நகைகளையெல்லாம் மாட்டியிருந்தேன். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இமைக்காம இரு" என்றார். வெயிலில் மை கரைந்து கண் எரிந்தது. இமைக்காமல்தான் இருந்தேன்.

அந்தப் படத்தைக் கார்டுகளாகப் போட்டுக் கொட்டகை வாசலில் விற்றார்கள். அம்மாவுக்கு அனுப்ப ஒன்று கேட்டேன். "பாக்கலாம்டா" என்றார் முதலாளி. அதற்குள் எனக்கு மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்துப் போனது. ராஜபார்ட்டுக்கு உயரம் போதாது. ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்குப் போகாமல் மதுரையிலேயே விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து மேலூருக்குப் பக்கத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. வில்லாபுரத்தில் ஓட்டு வீடொன்றில் குடியேறினோம். நான் நாடகத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும். என்ன வேஷம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் அண்ணன் ஒரு தடவை வந்தபோது தங்கச்சிக்கென்று கூந்தல் தைலப் புட்டி ஒன்று வாங்கி வந்தார். நான் சாப்பிட உட்கார்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு வந்து, மேலே ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள்.

"இந்தப் பொண்ணப் பாத்தீகளா? அப்படியே உங்க தங்கச்சி சாடை."

பார்த்தேன். நான்தான். சேலைக்கு நீலமும் உதட்டுக்குச் சிவப்பும் ஏற்றியிருந்தார்கள்.

சொல்லிவிட்டேன். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு புட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னயவிட லட்சணமாத்தான் இருந்திருக்கீக" என்றாள். அன்று நானும் சிரித்தேன்.

எப்படியோ விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. கடையில் கூட வேலை பார்த்தவர்கள், "என்ன மாப்ள, இன்னைக்குத் தைலம் தேய்க்கலயா?" என்று கேட்டார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி அவளிடம், "உம் புருசன் எங்க வீட்டு மாடக்குழியில இருக்காரு" என்றாளாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மேலூர்ச் சந்தையில் அவள் அண்ணனையும் விடவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அதுதான் அவளை அழ வைத்தது.

கீழமாசி வீதியில் இருந்த தைலக் கடைக்குப் போனேன். உரிமையாளர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"நாடகக் கம்பெனியக் கலச்சப்ப எழுதி வாங்குன படம் தம்பி. நான் ஒண்ணும் திருடல."

"மொகம் என்னோடதுங்க."

"மொகம் ஒன்னோடதுதான், ஆரு இல்லேன்னா? படம் என்னோடது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். போட்டோக்காரருக்கு என்னை நினைவிருந்தது.

"சட்டமே அப்படித்தான்ப்பா. ஆரு சொல்லித் துட்டுக் குடுத்து எடுக்குறாகளோ, பாத்தியதை அவுகளுக்கு. எடுத்த எனக்கே கிடையாது. நீயா வந்து எடுத்திருந்தா ஒன்னோடது."

எனக்கென்று ஒரு பிரதியாவது போட்டுத்தரச் சொன்னேன். கண்ணாடித் தகட்டையும் தைலக்காரரே கொண்டுபோய்விட்டார் என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம். புதுச் சேலை கட்டியிருந்தாள். ஸ்டூடியோ வாசலில் நான் நின்றேன்.

"சேந்து ஒரு போட்டோ எடுத்துக்குவோம். நாம துட்டுக் குடுத்தா நமக்குத்தான் சொந்தம்."

"இன்னைக்குச் சொந்தம். நாளைக்கு அந்தக் கண்ணாடி எவுக கைக்குப் போகும்னு நமக்குத் தெரியுமா? எம் மொகம் எந்தப் புட்டியிலயும் வேணாம். வாங்க போவோம்."

என் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு திருவிழாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நடந்துவிட்டேன். வளையல் வாங்கினோம், கரும்புச் சாறு குடித்தோம், கூட்டத்தோடு கூட்டமாக வீடு வந்து சேர்ந்தோம்.

மகள் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தபோது உலக யுத்த காலம். எங்கள் பக்கம் விஷக்காய்ச்சல் பரவியது. என் மனைவி படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுது வீங்கிய கண்ணோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்களை விட்டுவிடவில்லை, வாரந்தவறாமல் வந்து போனார்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, சிநேகிதி வீட்டில் மாலை போட்ட படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "எங்கம்மா படம் எங்கேப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஒண்ணுகூடவா?" என்றாள்.

மறுநாளே மனைவியின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஓர் ஓவியரிடம் போனேன். அடையாளம் சொன்னால் ஆளை வரைந்து தருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நெற்றி அகலமா, மூக்கு எப்படி, காது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பென்சிலால் போட்டுக்கொண்டே வந்தார். தாடையில் ஒரு மச்சம் உண்டு என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றேன் நான். "வலது" என்றார் அவள் அண்ணன்.

ஓவியர் பென்சிலைக் கீழே வைத்தார். காகிதத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினார். அதில் இருந்த முகத்தை நாங்கள் இருவரும் எங்கேயும் பார்த்ததில்லை. "பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று மரியாதையாகவே சொன்னார்.

வெளியே வந்து தெற்கு நோக்கி நடந்தோம். நெல்பேட்டையைத் தாண்டினோம். அவர் மெதுவாக, "எந்தப் பக்கம்னு எனக்கும் இப்பச் சந்தேகமாத்தான் இருக்கு மாப்ள" என்றார்.