மூன்றாவது பூட்டு

சத்தியமாக நடந்தது இது. பேய் என்றால் நடுராத்திரியும் நரி ஊளையும் வேண்டும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மணி பன்னிரண்டு மூன்றுக்கு. தலைக்கு மேலே அறுபது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

நானும் என் அண்ணனும் ஒரே கம்பெனியில் வேலை. டேட்டா சென்டர்களில் சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கும் இரும்பு ரேக்குகள் அடுப்பு போலக் கொதிக்கும். அவற்றைத் தண்ணீரால் குளிரவைக்கும் கருவியை நாங்கள் பொருத்துவோம். ஒவ்வொரு ரேக்கின் முதுகிலும் குழாய்கள் ஓடும் ஒரு கதவு. எந்த ரேக்குக்கும் பொருந்தும். எது எவ்வளவு சூடு என்று கருவி தானே பார்த்து, அதற்குத் தக்கபடி தண்ணீரைத் தானே அனுப்பும். யாரையும் கேட்காது. அண்ணன் குழாய் மாட்டுகிறவன், நான் திரையைப் பார்க்கிறவள். என்னைவிட மூன்று வயது மூத்தவன் என்றாலும் நான் அவனுக்கு மரியாதை கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

அன்று காலை கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

"இவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்."

"உன் புருஷனை யாரு அண்ணி தூக்கிட்டுப் போகப் போறா?" என்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதி உயிர் விதி. குழாயில் கை வைப்பதற்கு முன்னால் பம்ப்பை நிறுத்தி, அதன் சுவிட்சில் அவரவர் பூட்டை மாட்ட வேண்டும். பூட்டோடு ஓர் அட்டை தொங்கும். 'ஆள் உள்ளே இருக்கிறார். தொடாதீர்கள்.' மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மற்றவர் பூட்டை முதலாளியே ஆனாலும் தொடக்கூடாது.

11:20. முதல் பம்ப்பில் என் பூட்டு, அண்ணன் பூட்டு, இரண்டையும் மாட்டினோம். அண்ணன் வரிசையின் கடைசிக்குப் போனான். ஒன்பதாவது ரேக். அதில் சர்வர் எதுவும் இன்னும் வரவில்லை. வெறும் இரும்புக் கூடு.

11:52. திரையில் ஒன்பதாவது ரேக்குக்கு எதிரே ஓர் எண் வந்தது. 37 டிகிரி.

வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"அண்ணா, ஒன்பது சூடா இருக்கா?"

"காலி ரேக் எப்படிடி சூடாகும்? ஐஸ் மாதிரி இருக்கு."

"முப்பத்தேழு காட்டுது."

"அது மனுஷ உடம்புச் சூடுடி. உள்ள யாராவது காய்ச்சல் இல்லாம உக்காந்திருக்காங்களோ என்னவோ. போய் வேலையைப் பாரு, வாலு."

சென்சார் கோளாறு என்று எழுதிவைத்தேன். எண் மாறவே இல்லை. கருவி மட்டும் திரையில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது.

11:56. மேலதிகாரி போன் செய்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'.

"ரெண்டாவது பம்ப் ஏம்மா ரெடின்னு காட்டல?"

போய்ப் பார்த்தேன். இரண்டாவது பம்ப் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது. நீல நிறம், பழையது. அட்டையில் பெயர் அழிந்திருந்தது. தொட்டேன். யாரோ சட்டைப் பையிலிருந்து இப்போதுதான் எடுத்து மாட்டியது போல வெதுவெதுப்பாக இருந்தது.

"யாரோ பூட்டு போட்டிருக்காங்க சார்."

"அங்க இருக்கிறதே நீங்க ரெண்டு பேர்தானே? எவனோ மறந்துட்டுப் போயிருப்பான். வெட்டிடும்மா. ஒரு மணிக்கு எல்லாம் ஓடணும்."

வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டாவது பம்ப் அடுத்த வரிசைக்கு என்று போட்டிருந்தது. அண்ணனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், ஒரு மணி நேரம் விதி பேசுவான். எனக்குப் பசி. கேட்கவில்லை.

12:03. போல்ட் கட்டரால் வெட்டி, சுவிட்சை 'ரெடி'க்குத் திருப்பினேன்.

பூட்டு கீழே விழுந்த அதே நொடி, வரிசையின் கடைசியிலிருந்து சத்தம் வந்தது. டக்... டக்... டக்... உள்ளிருந்து இரும்பைத் தட்டும் சத்தம்.

"அண்ணா, நீயா தட்டற?"

"நான் இல்லையே. ஏய், இங்க..."

இரண்டாவது பம்ப் தானாக ஓட ஆரம்பித்தது.

வரைபடம் பொய். அந்தப் பம்ப் எங்கள் வரிசைக்குத்தான். இத்தனை நேரம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த கருவிக்கு ஒரு பம்ப் கிடைத்துவிட்டது. முழு வேகத்தில் தண்ணீரை அனுப்பியது.

அண்ணன் அலறினான்.

12:04. எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு ஓடினேன். கட்டர் கையிலேயே இருந்தது.

தரையெல்லாம் தண்ணீர். சிவப்பாக இருந்தது. பிய்த்துக்கொண்ட ஹோஸ் குழாயின் இரும்புத் தலை அண்ணன் வாயைக் கிழித்திருந்தது. பற்கள் தரையில் கிடந்தன. அவன் மல்லாந்து கிடந்தான். அவனுக்கு மேலே, கீல் இரண்டும் தெறித்துப்போன எண்பது கிலோ கதவு சாய்ந்து நின்றது.

விழாமல் நின்றது.

காலி ரேக்கின் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டிருந்தது.

கை மட்டும். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். கதவின் விளிம்பைப் பிடித்திருந்தன.

என் அண்ணன் மேல் கதவைத் தள்ளுகிறது...

எனக்கு வெறி பிடித்தது. பயம் இல்லை, வெறி. கட்டரை ஓங்கி அந்த விரல்கள் மேல் அடித்தேன்.

எலும்பு நொறுங்கியது. கேட்டேன்.

அண்ணன் தலையை ஆட்டினான். வலியில் ஆட்டுகிறான் என்று நினைத்தேன்.

இன்னொரு அடி.

இன்னும்...

இன்னும்...

விரல்கள் விட்டன.

கதவு விழுந்தது.

12:05. பம்ப் எப்போதோ நின்றிருந்தது. தண்ணீர் நின்றிருந்தது. என் குரல் மட்டும் நிற்கவில்லை.

வலது கால், முழங்காலுக்குக் கீழே, கூழாகிவிட்டது. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அண்ணி என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் அண்ணனுக்குப் பேச்சு வந்தது. தைத்த வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"அவர் தாங்கிப் பிடிச்சிட்டு இருந்தாரு... நான் நகர்ந்துட்டே இருந்தேன்... இன்னும் கால் மட்டும்தான்... ஏன்டி அடிச்ச?"

போர்வையை இழுத்து, அவன் கால் இல்லாத இடத்தை மூடினேன்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். பூட்டை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் எழுதி முடித்துவிட்டு, இன்னொரு பழைய கோப்பைத் திறந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே ஒன்பதாவது ரேக்கில் ஒரு குழாய்க்காரர் செத்திருக்கிறார். அவர் உள்ளே இருக்கும்போதே யாரோ அவர் பூட்டை வெட்டியிருக்கிறார்கள். கதவு நெஞ்சில் விழுந்திருக்கிறது.

"அதுல ஒண்ணு மட்டும் யாருக்கும் புரியல," என்றார் அதிகாரி. "கதவு அவர் கையில படவே இல்லை. ஆனா வலது கை விரல் நாலும் நொறுங்கியிருந்தது. இரும்பால அடிச்ச காயம்னு டாக்டர் எழுதியிருக்காரு. நாலு அடி. அன்னைக்கு அவர் பக்கத்துல ஆளே இல்லை."